‘அவன் பாவம் அவனோடு’ என்பார்க்கு

“அவன் பாவம் அவனோடு.” நம்மவர் நாவில் இத்துணை எளிதாகப் புரளும் சொற்றொடர் வேறொன்று உண்டா என்பது ஐயமே. அயலான் வீட்டில் தீப்பற்றினால் நீர்க்குடத்தோடு ஓடுகிறோம். ஆனால் அயலான் மகன் போதையில் வீழ்ந்தான் என்று கேட்டால், இந்த மூன்று சொற்களைச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று, மார்க்கத்தைக் காத்துவிட்டதாகவும் எண்ணிக்கொள்கிறோம்.

சில காலத்திற்கு முன் ஒரு கடற்கரை ஊரில் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் இச்சொற்களைக் கேட்டேன். அவ்வூர் இளைஞன் ஒருவன் கனடாவில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் காலையில் தன் அறையில் இறந்து கிடந்தான். அங்கேயே நல்லடக்கமும் நடந்துவிட்டது. மாரடைப்பு என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். பிறகு உண்மை கசிந்தது. தேர்வுக் காலத்தில் உறக்கம் வராமல் தவித்தவன் யாரோ கொடுத்த ஒரு மாத்திரையை விழுங்கியிருக்கிறான். நிறமும் வடிவமும் மேலே பொறித்திருந்த எழுத்தும் மருந்துக்கடை மாத்திரையை அப்படியே ஒத்திருந்தன. உள்ளே இருந்ததோ ஃபென்டனில் என்னும் கொடிய பொருள். பக்கத்துக் கட்டிலில் இருந்த தோழன் அவன் பலமாகக் குறட்டை விடுவதைக் கேட்டான். அயர்ந்து உறங்குகிறான் என்று எண்ணி விளக்கை அணைத்துவிட்டான்.

மகனுக்காகக் காயிப் ஜனாஸாத் தொழுகை நடத்த வேண்டும் என்று தகப்பனார் கேட்டார். அப்போதுதான் ஊர்ப் பெரியவர் ஒருவர், “போதையில் மாண்டவனுக்குத் தொழுகை எதற்கு ஹஜ்ரத்? அவன் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவன். அவன் பாவம் அவனோடு” என்றார். பலர் தலையசைத்தனர். தொழுகை நடக்கத்தான் செய்தது. ஆனால் ஜும்ஆவுக்கு நிறைந்திருந்த ஸஃப்புகளில் பாதிகூட அதற்கு நிற்கவில்லை. வெளியே வரும்போது தகப்பனார் என் கையைப் பற்றிக்கொண்டு, “ஹஜ்ரத், என் பிள்ளை முஸ்லிமாகத்தானே மௌத்தானான்?” என்று கேட்டார். ஆம் என்றேன். ஆனால் அந்தப் பெரியவருக்கு முன்னால், கூடியிருந்தவர்களின் காதில் விழும்படி நான் எதுவும் சொல்லவில்லை. அன்று பேசாமல் இருந்த குற்றத்திற்குக் கழுவாயாகவே இன்று எழுதுகிறேன்.

அபின் வந்த வழி

அறியாததை எதிர்க்க முடியாது. எனவே இந்த நஞ்சின் வரலாற்றை முதலில் சிறிது அறிந்துகொள்வோம்.

‘ஓப்பியன்’ என்ற கிரேக்கச் சொல் அரபியில் ‘அஃப்யூன்’ ஆயிற்று. அதுவே நம்மிடம் ‘அபின்’ என வழங்குகிறது. கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே இது. இதன் மருத்துவக் குணத்தையும் கொல்லும் குணத்தையும் நம் முன்னோராகிய ஹகீம்கள் ஒருங்கே அறிந்திருந்தனர். மருத்துவப் பேரறிஞர் இப்னு ஸீனாவின் வாழ்க்கையை எழுதிய அவருடைய மாணவர் ஜுஸ்ஜானி ஒரு செய்தியைக் குறிக்கிறார். இப்னு ஸீனா நோயுற்றிருந்தபோது, அவருடைய பொருளைக் களவாடி அச்சம் கொண்டிருந்த பணியாளர், அவர் உட்கொள்ளும் மருந்தில் அபினை அளவுக்கு மிஞ்சிக் கலந்துவிட்டனராம். ஹிஜ்ரி 428-இல், அதாவது கி.பி. 1037-இல், அவர் ஹமதானில் காலமானார். உலகுக்கே மருத்துவம் சொன்ன மேதையாலும் தம் கிண்ணத்தில் பிறர் கலந்ததைக் கண்டறிய இயலவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நம் பிள்ளைகளைக் கொல்வதும் இதே வஞ்சகந்தான்: பிறர் கை கலந்து வைத்த அளவு.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்தார்கள். 1898-இல் ஜெர்மானிய நிறுவனம் ஒன்று ஹெராயினை இருமல் மருந்தாகக் கடைக்குக் கொண்டுவந்தது. 1960-இல் பெல்ஜியம் நாட்டின் பால் யான்சென் என்னும் மருந்தியலார் ஃபென்டனிலை உருவாக்கினார். இதற்குக் கசகசா வயலும் வேண்டா, உழவனும் வேண்டா. ஆய்வுக்கூடமும் இரசாயனப் பொருள்களும் போதும். இது மார்ஃபினைப் போல் ஏறத்தாழ 100 மடங்கும் ஹெராயினைப் போல் 50 மடங்கும் வீரியம் உடையது. யானை போன்ற பெருவிலங்குகளை மயக்குவதற்கென்றே ஆன கார்ஃபென்டனிலோ மார்ஃபினைக் காட்டிலும் 10,000 மடங்கு வலியது. 1950-களில் சுவிட்சர்லாந்தின் மருந்து நிறுவனமொன்று கண்டறிந்து, மருந்தாகப் பயன்படுத்தாமல் கைவிட்ட நிட்டாசீன்கள் என்னும் வகையும் அண்மை ஆண்டுகளில் தெருச் சந்தையில் தலைகாட்டத் தொடங்கியுள்ளது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். குற்றம் மருந்தினுடையதன்று. அறுவை மேசையில் மயக்க மருத்துவரின் கையிலும், புற்றுநோயால் துடிப்பவரின் படுக்கையருகிலும் ஃபென்டனிலும் மார்ஃபினும் இறைவனின் அருட்கொடைகளே. மருத்துவ நிர்ப்பந்தத்தில் அறிவை மயக்கும் பொருளைப் பயன்படுத்துவது பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் அன்றே ஆய்ந்து வழி சொல்லியுள்ளன. மருத்துவர் தந்த வலி மருந்தை ‘போதைப் பொருள்’ என்று அஞ்சித் தூக்கியெறிந்து, நோயாளித் தாயைத் துடிக்கவிடுவது பக்தியாகாது. நான் சாடுவது அளவும் பெயரும் மறைத்து விற்கப்படும் தெருச் சரக்கை.

கலப்படம் என்னும் கொலை

அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பின் கணக்குப்படி, ஃபென்டனிலில் உயிரைப் பறிக்கப் போதுமானதாகக் கருதப்படும் அளவு 2 மில்லிகிராம். கூராக்கிய பென்சில் முனையில் அடங்கிவிடும் துகள் அது. அப்படியானால் ஒரு கிலோவில் ஐந்து இலட்சம் உயிர்களைக் கொல்லும் நஞ்சு உண்டு. கடத்தற்காரன் ஏன் இதை நாடுகிறான் என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும். மூட்டை மூட்டையாக ஹெராயினைக் கடத்துவதைவிட ஓர் உறைக்குள் இதை மறைத்து அனுப்புவது எளிது. பிறகு மாவையோ சர்க்கரைப் பொடியையோ வேறு மருந்தையோ சேர்த்துப் பெருக்கினால் இலாபம் பன்மடங்கு.

ஆனால் இந்தக் கலவையைச் செய்கிறவன் யார்? துல்லியத் தராசும் தேர்ந்த கையும் உடைய மருந்தாளனா? இல்லை. ஏதோ ஓர் அறையில், வாளியிலும் சமையலறைக் கருவியிலும் கலக்குகிறவன். ரமலானில் நம் பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறோம். உப்பைப் போட்டுவிட்டுச் சரியாகத் துழாவாமல் விட்டால், ஒருவர் கோப்பையில் உப்பே இராது. அடுத்தவர் கோப்பையிலோ கட்டியாக இருக்கும். ஒரே தேக்சா, ஒரே கஞ்சி! தெருவில் விற்கும் மாத்திரையின் நிலையும் இதுவே. ஒரே கலவையில் அச்சடித்த இரு மாத்திரைகளில் ஒன்றை விழுங்கியவன் மறுநாள் வகுப்புக்குப் போகிறான். மற்றொன்றை விழுங்கியவன் கப்றுக்குப் போகிறான். 2023-இல் அந்த அமைப்பு ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகளைச் சோதித்தபோது, 10-இல் 7 மாத்திரைகளில் உயிரைக் கொல்லக்கூடிய அளவு இருந்தது. 2024-இல் அது 10-இல் 5 ஆகக் குறைந்தது. பாதி மாத்திரைதான் கொல்லும் என்று ஆறுதல் கொள்வார் யாரேனும் உண்டோ?

2016 ஏப்ரலில் அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர் பிரின்ஸ் இறந்தார். வழக்கமான வலி மாத்திரை என்று நம்பி, ஃபென்டனில் கலந்த போலியை அவர் உட்கொண்டிருக்க வேண்டும் என்பதே விசாரணையின் முடிவு. செல்வமும் மருத்துவரும் காவலரும் சூழ்ந்திருந்தவருக்கே தம் கையிலிருந்த மாத்திரையின் உள்ளிருப்பது தெரியவில்லை. இருபது வயது மாணவனுக்கு எப்படித் தெரியும்?

இப்போது நம் மார்க்கத்தின் வாசலில் நின்று கேட்கிறேன். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே பரப்பியிருந்த வணிகனைக் கண்டித்ததோடு, ஏமாற்றுகிறவனைத் தம்மைச் சார்ந்தவன் அல்லன் என்றே விலக்கிப் பேசினார்கள். மழையில் நனைந்த தானியத்துக்கே அந்தக் கண்டனம். மாத்திரைக்குள் மரணத்தை மறைத்து விற்பவன் எந்த வகையில் சேர்வான்? இத்தனை பெரிய வஞ்சகத்தைப் பற்றி நம் மிம்பர்கள் பேசாமல், வஞ்சிக்கப்பட்டு மாண்ட பிள்ளையை மட்டும் தூற்றுவது எந்த நீதி?

மூன்று நாடுகள் தரும் பாடம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரல் 14-இல் பொதுச் சுகாதார நெருக்கடிநிலையை அறிவித்தது. அன்று முதல் அந்த ஒரு மாகாணத்தில் மட்டும் 16 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கலப்பட நஞ்சால் மாண்டுள்ளனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2021, 2022, 2023 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஆண்டுக்கு ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் போதைப் பொருள்களால் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோரின் சாவுக்குக் காரணம் ஃபென்டனில் வகைகள். 2024-இல் அத்தொகை ஏறத்தாழ 80 ஆயிரமாகக் குறைந்தது. குறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. நலாக்சோன் என்னும் மாற்று மருந்தைப் பரவலாக வழங்கியது அவற்றுள் ஒன்று என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே கூறுகிறது. அம்மருந்தைப் பற்றிப் பின்னர் சொல்வேன்.

எஸ்தோனியா ஏறத்தாழ 13 இலட்சம் மக்களே வாழும் சிறிய நாடு. 2000-இல் ஆப்கானிஸ்தானத்தில் அபின் பயிர் தடை செய்யப்பட்டது. அதன்பின் எஸ்தோனியத் தெருக்களில் ஹெராயின் அருகியது. 2002 முதல் அவ்விடத்தை ஃபென்டனில் பிடித்துக்கொண்டது. 2012-இல் மட்டும் 170 பேர் மாண்டனர். ஆப்கானிஸ்தானத்தில் 2022-இல் மீண்டும் தடை வந்தது. மறு ஆண்டே பயிரிடும் பரப்பு 95 விழுக்காடு குறைந்தது என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு அறிவித்தது. வயலை அழித்ததைக் கேட்டு மகிழ்கிறோம், மகிழ வேண்டியதுதான். ஆனால் வயலே வேண்டாத நஞ்சுக்கு வயலை அழிப்பது மட்டும் மருந்தாகாது என்பதை எஸ்தோனியா முன்னரே காட்டிவிட்டது.

‘இவையெல்லாம் மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் விளைவு, முஸ்லிம்களுக்கு இந்நிலை வராது’ என்பார்க்கு மூன்றாவது நாடு விடை சொல்லும். மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் மக்களில் பெரும்பாலோர் கலிமாச் சொன்னவர்கள். அங்கே ‘குஷ்’ என்னும் புகைப் பொருள் இளைஞர்களை வீதியோரத்தில் சுருட்டிப் போடுகிறது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் மாடா பியோ நாட்டளவில் நெருக்கடிநிலையை அறிவித்தார். மனித எலும்பைப் பொடித்து அதில் கலக்கிறார்கள் என்றொரு பேச்சு பரவ, கப்றுஸ்தான்களுக்குக் காவல் போட வேண்டியதாயிற்று. ஆனால் ஆய்வுக்கூடம் கண்டது வேறு. 2025 பிப்ரவரியில் வெளிவந்த ஆய்வின்படி, சோதித்த மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியில் நிட்டாசீன்கள் இருந்தன. மக்கள் எலும்புக்கு அஞ்சிக்கொண்டிருந்தார்கள். கொன்றதோ கண்ணுக்குத் தெரியாத வேறொன்று. பாங்கோசை நின்றபாடில்லை; ஆயினும் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். பாங்கோசை கேட்கும் ஊர் என்பதால் மட்டும் நஞ்சு வாசலில் நின்றுவிடாது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கில்லை என்று கைகழுவ முடியாது. டபென்டடாலையும் காரிசோபுரடாலையும் சேர்த்த மாத்திரைகள் இந்தியாவில் செய்யப்பட்டு மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்களின் கைக்குப் போவது வெளிப்பட்ட பின், 2025 பிப்ரவரியில் நடுவண் அரசு அவற்றின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. அதே டபென்டடால் மாத்திரையைக் கரைத்து நாளத்தில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைத் தமிழ்நாட்டு ஊர்களிலும் காவலர் பிடிக்கும் செய்திகளை நாளிதழ்களில் காண்கிறோம். 2019-இல் இந்திய அரசுக்காக வெளியான கணக்கெடுப்பு, நாட்டில் அபின் வகைகளைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2 கோடியே 26 இலட்சம் என்றது. இவர்களில் நம் மஹல்லாவினர் ஒருவரும் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர் யார்?

எதிர்வாதங்கள்

முதல் வாதம்: “மதுதானே ஹராம்? மாத்திரையைப் பற்றிக் கிதாபில் எங்கே இருக்கிறது?” இளைஞர் சிலர் இப்படிக் கேட்பதை நானே செவியுற்றிருக்கிறேன். ‘கம்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வேரே மறைத்தல் என்னும் பொருளது. தலையை மூடும் துணிக்குக் ‘கிமார்’ என்று பெயர் வந்ததும் அவ்வேரிலிருந்தே. அறிவை மூடுவது எதுவோ அது கம்ர் என்று உமர் (ரலி) அவர்கள் மிம்பரில் நின்று விளக்கினார்கள். அதுமட்டுமன்று. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் வரும் அறிவிப்பில், மயக்குவதோடு ‘முஃப்திர்’ எனப்படுவதும் தடுக்கப்பட்டுள்ளது. முஃப்திர் என்றால் உறுப்புகளைத் தளர்த்திச் சோரச் செய்வது. அபின் வகைகள் செய்வது இதுவேயன்றோ? அவை முதலில் வலியைத் தளர்த்துகின்றன. பின் அறிவைத் தளர்த்துகின்றன. அளவு மிஞ்சும்போது மூளையடியில் இருந்து மூச்சை ஆளும் நடுவத்தையே தளர்த்திவிடுகின்றன. மூச்சு விடவேண்டும் என்பதை உடலே மறந்துபோகிறது. ஹிஜ்ரி 794-இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர் பத்ருத்தீன் ஸர்கஷீ (ரஹ்) கஞ்சா ஹராம் என்பதை நிறுவத் தனி நூலே எழுதினார். பெயர் புதிதென்று சொல்லித் தப்ப நம் சட்டத்தில் வழியில்லை.

இரண்டாம் வாதம்: “அவன் தற்கொலை செய்தவன், அவனுக்கு ஜனாஸா இல்லை.” இதைச் சொல்வோர் இரு தவறுகள் செய்கிறார்கள். தற்கொலைக்கு நாட்டம் வேண்டும். உறக்கத்துக்கென்று மாத்திரை விழுங்கியவன் சாவை நாடவில்லை, அவன் ஏமாற்றப்பட்டவன். போதையை நாடியே விழுங்கியவனாக இருந்தாலும் அவன் நாடியது போதையை, மரணத்தையன்று. அவன் செய்தது பாவந்தான். அந்தப் பாவம் தற்கொலையாகிவிடாது. இனி, உண்மையாகவே தன்னை மாய்த்துக்கொண்டவனாயினும், பெருமானார் (ஸல்) அவர்கள் அப்படிப்பட்ட ஒருவருக்குத் தாம் தொழுவிக்காதது பிறருக்கு எச்சரிக்கை என்றும், முஸ்லிம்கள் அவனுக்குத் தொழவே வேண்டும் என்றும் ஷாஃபிஈ இமாம்கள் உள்ளிட்ட பெரும்பான்மை ஃபுகஹாக்கள் தீர்த்துரைத்துள்ளனர். பெரும்பாவி இஸ்லாத்தை விட்டு வெளியேறிவிடுகிறான் என்பது கவாரிஜ்களின் கொள்கை, அஹ்லுஸ்ஸுன்னத்தின் கொள்கையன்று. கிதாபு ஓதாத பெரியவர் இதை அறியாமற் போகலாம். ஓதிய நாங்கள் வாய்மூடி நின்றோமே, அதற்கு என்ன சமாதானம்?

மூன்றாம் வாதமே எல்லாவற்றினும் கொடியது. அதற்குத் திருமறைச் சான்றும் காட்டுகிறார்கள். ஓர் ஆன்மாவின் சுமையை இன்னோர் ஆன்மா சுமக்காது என்னும் அல் அன்ஆம் அத்தியாயத்தின் கருத்தைத்தான் ‘அவன் பாவம் அவனோடு’ என்று தமிழாக்கியிருக்கிறார்களாம்! அந்த வசனம் மறுமையின் கணக்கைப் பற்றியது. இம்மையில் உன் சகோதரன் மூழ்கும்போது கரையில் நின்று வேடிக்கை பார்க்க அஃது அனுமதிச் சீட்டு அன்று. நீரில் மூழ்குகிறவனைக் காக்கத் தொழுகையையும் முறிக்க வேண்டும், நோன்பையும் முறிக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. மூழ்குகிறவன் குடித்துவிட்டு நீரில் இறங்கினானா என்று அவை எங்கேயும் கேட்கவில்லை. மது அருந்திப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரை மற்றொருவர் சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் ரஸூலையும் நேசிப்பவர் என்றே சான்று பகர்ந்தார்கள். தண்டனையும் இருந்தது, அன்பும் இருந்தது. நம்மிடமோ சாபம் மட்டும் எஞ்சியிருக்கிறது.

தவ்பாவுக்கு ஓர் அவகாசம்

இனி அந்த மாற்று மருந்துக்கு வருகிறேன். நலாக்சோன் 1971 முதல் மருத்துவத்தில் வழங்கி வருகிறது. அபின் வகைகள் மூளையில் பற்றிக்கொள்ளும் இடத்திலிருந்து அவற்றைத் தள்ளிவிட்டு, நின்றுகொண்டிருக்கும் மூச்சை ஓரிரு நிமிடங்களில் திரும்ப ஓடச் செய்கிறது. கனடாவில் 2016 முதலும், மூக்கில் பீச்சும் வடிவில் அமெரிக்காவில் 2023 முதலும், மருத்துவர் சீட்டின்றிக் கிடைக்கிறது. நம் நாட்டில் மருத்துவமனைகளில் ஊசி மருந்தாக உள்ளது. இதில் போதையேதும் இல்லை; அபின் வகை உடலில் இல்லாதவருக்குக் கொடுத்தாலும் தீங்கு செய்யாது.

மேல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகள் இதை அறையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் ஓரிடத்தில் சொன்னபோது, “இது பாவத்துக்குத் துணிவு கொடுப்பதாகாதா?” என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு விடை இதுதான். அடியானின் உயிர் தொண்டைக்குழியை அடைந்து கறகறக்கும் வரை அவனுடைய தவ்பாவை அல்லாஹ் ஏற்கிறான் என்னும் கருத்தில் நபிமொழி உண்டு. அந்தக் கறகறப்புக்கு அரபியில் ‘கர்கரா’ என்று பெயர். அந்தக் கனடா அறையில் தோழன் கேட்டது குறட்டையன்று, அதுவே கர்கரா. அந்த நேரத்தில் ஒருவன் அம்மருந்தை மூக்கில் பீச்சி மூச்சைத் திருப்பியிருந்தால், அவன் காத்தது உடலை மட்டுமன்று. சாத்தப்பட இருந்த தவ்பாவின் வாசலையும் திறந்து வைத்திருப்பான். ஓருயிரை வாழவைத்தவன் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவன் போன்றவன் என்னும் அல் மாயிதா அத்தியாயத்தின் கருத்தை மேடைதோறும் முழங்குகிறோம். அந்த உயிர் ஒழுக்கமுள்ள உயிராக இருக்க வேண்டும் என்று நிபந்தனை சேர்க்க நமக்கு யார் அதிகாரம் தந்தார்?

ஆகவே பெற்றோர்களே, சில செய்திகளைக் கவனத்தில் இருத்துங்கள்; அயல்நாட்டில் வாழும் உங்கள் பிள்ளைகளுக்கும் எழுதுங்கள். ஒருவரை உலுக்கி அழைத்தும் விழிக்காமை, மூச்சு மிக மெதுவாதல், தொண்டையில் கறகறப்பு, உதடும் நகமும் நீலம் பாய்தல், கண்ணின் பாவை கடுகளவாகச் சுருங்குதல் ஆகியவை அபின் வகை நஞ்சின் அடையாளங்கள். அவரை உறங்கட்டும் என்று விடக்கூடாது. நம் நாட்டில் 108-ஐ அழையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய்வைத்து ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நலாக்சோன் இருந்தால் கொடுங்கள். அதன் வேகம் 30 முதல் 90 நிமிடங்களில் அடங்கிவிடும். நஞ்சோ அதற்கு மேலும் உடலில் இருக்கக்கூடும். எனவே எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

காவலருக்கு அஞ்சிப் பலர் உதவியை அழைப்பதில்லை. கனடாவில் 2017-இல் இயற்றிய சட்டம், இப்படி அழைப்பவரையும் பாதிக்கப்பட்டவரையும் போதைப் பொருள் வைத்திருந்த குற்றத்திலிருந்து காக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் உள்ளன. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டத்திலும் 64-ஏ பிரிவின்படி, சிற்றளவோடு பிடிபட்ட அடிமை தானே முன்வந்து சிகிச்சை பெற்று முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி உண்டு. 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் அரசின் போதை மீட்பு ஆலோசனையும் கிடைக்கிறது. சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவை மானத்தின் பெயரால் நாமே சாத்துவதா?

மானம்! அந்தச் சொல்லே நம் பிள்ளைகளில் பலரைக் கொல்கிறது. மகன் தள்ளாடினால் ‘காய்ச்சல்’, மாண்டால் ‘மாரடைப்பு’. ஒரு வீடு மறைத்த உண்மை பத்து வீடுகளுக்கு எச்சரிக்கையாகியிருக்கும். அந்தத் தகப்பனாரை நான் குறைகூறவில்லை. உண்மையைச் சொன்னால் பாதி ஸஃப்பு கலைந்துபோகும் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார். அவர் அறிந்தபடியேதான் நடந்தது. அவரைப் பொய் சொல்ல வைத்தவர்கள் நாம்.

ஜமாஅத்தாருக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுக்கொரு குத்பாவையேனும் இப்பொருளுக்கு ஒதுக்குங்கள். மதுவை மட்டுமின்றி மாத்திரையையும் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். கலப்பட வஞ்சகனை அதைவிடக் கடுமையாகக் கண்டியுங்கள். அயல்நாடு செல்லும் மாணவனுக்குப் பள்ளியில் துஆச் செய்து வழியனுப்பும்போது, முத்திரையிட்ட உறையிலிருந்து மருந்தாளன் தந்ததைத் தவிர வேறெவர் தரும் மாத்திரையையும் தொடாதே என்று சொல்லி அனுப்புங்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே, சீட்டின்றி வலி மாத்திரை கேட்டு வரும் இளைஞனிடம் வாங்கும் காசு உங்கள் பிள்ளையின் சோற்றில் கலக்கிறது என்பதை எண்ணுங்கள். மீண்டு வர விரும்பும் இளைஞனுக்கு ஸஃப்பில் இடம் விடுங்கள். மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள். மாண்டவனுக்கு மறுக்காமல் தொழுங்கள்.

‘அவன் பாவம் அவனோடு’ என்பாரே, ஒன்று கேட்கிறேன். அவன் பாவம் அவனோடு போகட்டும். அந்தக் கணக்கை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். அவன் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தபோது கதவைச் சாத்திக்கொண்ட நம் பாவம் யாரோடு போகும்? அறிந்தும் அறிவிக்காத ஆலிமின் பாவம் யாரோடு போகும்? அந்தத் தகப்பனார் என் கையைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு இன்று எல்லாரும் கேட்க விடை சொல்கிறேன்: ஐயா, உங்கள் பிள்ளை முஸ்லிமாகவே மௌத்தானான். அவனுக்காக நாங்கள் தொழக் கடமைப்பட்டவர்கள். அன்று ஸஃப்பை விட்டு விலகியவர்களே உங்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் மூச்சையும் அறிவையும் காத்தருள்வாயாக. மாண்டவர்களை மன்னிப்பாயாக. பேச வேண்டிய இடத்தில் பேசும் நாவை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.